பேரீச்சம்பழத்துக்குப் போன புல்லட்

பெரியப்பாவின் புல்லட்டை எடைக்குப் போட்டது 1994-ல். காலடிப்பேட்டை வீட்டின் முன்நடையில் நான்கு வருடம் கோணி போர்த்திக்கொண்டு நின்ற வண்டி அது. அவர் போனபிறகு உதைக்க ஆளில்லை. டயர் வெடித்து, சைலன்ஸருக்குள் எலி குட்டி போட்டு, கடைசியில் பெரியம்மாவே தள்ளுவண்டிக்காரரைக் கூப்பிட்டார். பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் என்று கேலி பேசுவோமே, கிட்டத்தட்ட அந்தக் கணக்குதான். ஆர்.சி. புக் மட்டும் பீரோவில் ரேஷன் கார்டுக்கு அடியில் தங்கிவிட்டது.

போன வருடம், பழைய வண்டி வாங்கி விற்கும் ஒருவரிடம் பேச்சுவாக்கில் இதைச் சொன்னேன். வண்டிக்காக உச்சுக்கொட்டுவார் என்று நினைத்தேன். அவர் கேட்டது வேறு. "புக்கு கீதா சார்? வண்டி இல்லாட்டி பரவால்ல. புக்கை மட்டும் குடுங்க, நல்ல ரேட்டு போட்டுத் தர்றேன்."

இரும்பு எடைக்குப் போய்விட்டது, காகிதத்துக்கு ரேட்டு வந்திருக்கிறது. பழைய மோட்டார்சைக்கிள் சேகரிப்பும் ஏலமும் எந்த அடிப்படையில் ஓடுகின்றன என்று தெரிந்துகொள்ள அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனாலே போதும். வடசென்னைக்காரனுக்கு இதில் கொஞ்சம் கூடுதல் வயிற்றெரிச்சலும் உண்டு.

புல்லட்டுக்குப் பிறந்த வீடு இங்கிலாந்தின் ரெடிட்ச், புகுந்த வீடு வடசென்னையின் திருவொற்றியூர். 1932-லேயே ராயல் என்ஃபீல்டு அந்தப் பெயரை வைத்துவிட்டது என்றாலும், நாம் அறிந்த புல்லட்டின் உருவம் நாற்பதுகளின் கடைசியில்தான் வந்தது. ஐம்பதுகளின் தொடக்கத்தில் எல்லைக் காவலுக்கு ஏற்ற வண்டி என்று இந்திய அரசு அதைத் தேர்ந்தெடுத்தது. 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் ரெடிட்ச் கம்பெனியும் கூட்டுச்சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா உருவானது. முதலில் உதிரிகளாகக் கப்பலில் வந்ததை இங்கே பூட்டினார்கள். 1962 வாக்கில் எல்லாப் பாகங்களும் இங்கேயே தயாராகின. ரெடிட்ச் ஆலை 1967-ல் மூடியது, சில வருடங்களில் இங்கிலாந்துக் கம்பெனியே இல்லாமல் போனது. திருவொற்றியூரில் மட்டும் அதே 70-க்கு 90 மில்லிமீட்டர் சிலிண்டர், அதே 346 சி.சி., அதே வலதுகால் கியர் என்று வண்டி இறங்கிக்கொண்டே இருந்தது. அந்த இரும்பு சிலிண்டர் எஞ்சின் முழுதாக விடைபெற 2010 வாக்கில் ஆனது. ஒரு எஞ்சின் ஏறக்குறைய அரை நூற்றாண்டுக்குப் பெரிய மாற்றமில்லாமல் ஒரே ஊரில் வந்தது உலகத்திலேயே அபூர்வம்.

ஓட்டுகிறவனுக்கு இது வரப்பிரசாதம். 1962 வண்டிக்கு 1988 வண்டியின் பல சாமான்கள் அப்படியே உட்காரும். கிளட்ச் பிளேட் போனாலும், மட்கார்டு துருப்பிடித்தாலும், புதுப்பேட்டைக்கு ஒரு நடை போய்வந்தால் சாயங்காலத்துக்குள் வண்டி ரோட்டில் நிற்கும். ஆனால் ஏலத்துக்குக் கொண்டுபோகிறவனுக்குத் தலைவலி அங்கேதான் தொடங்குகிறது. பூட்ட முடிந்ததையெல்லாம் பூட்டிப் பூட்டி, எது கம்பெனியிலிருந்து வந்தது, எது போன தீபாவளிக்கு மாற்றியது என்று பிரித்துச் சொல்ல முடியாத வண்டிகளாகவே வடசென்னையின் பழைய புல்லட்டுகள் இன்று நிற்கின்றன.

திருவொற்றியூர் தேரடிப் பக்கம் ஒரு சந்தில் எனக்குப் பழக்கமான மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. பழைய புல்லட் என்றால் அவர் முதலில் செய்வது ஸ்டார்ட் பண்ணுவதில்லை. வலதுபக்க டாப்பெட் மூடியைக் கழற்றி, உள்ளே இருக்கும், வால்வைத் தள்ளித் திறக்கும் கம்பியான புஷ்ராடை இரண்டு விரலால் சுழற்றிப் பார்ப்பார். ராடு விரலுக்குச் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆடக்கூடாது. இந்த அளவை எடுக்க அவருக்குக் கருவி வேண்டியதில்லை. பிறகு சாவி போட்டு, ஹெட்லைட் மேலிருக்கும் ஆம்மீட்டர் முள்ளைப் பார்த்தபடி கிக்கரை மெதுவாக அமுக்குவார். முள் ஒருபக்கம் சாய்ந்திருக்கும், பிளக்குக்குப் பொறி கொடுக்கும் பாயின்ட் திறந்ததும் நடுவுக்கு வந்து நிற்கும். அந்த இடத்தில், எஞ்சினுக்குள் இருக்கும் அழுத்தத்தை விடும் டிகம்ப்ரஷரைப் பிடித்து இன்னும் ஒரு நூல் தள்ளி, விட்டு, ஒரே உதை. எழுபது கிலோ ஆள் எகிறி எகிறி உதைத்தும் கிளம்பாத வண்டி, கட்டைவிரல் பருமன் கால்களை வைத்துக்கொண்டிருக்கும் அந்த மனிதருக்கு ஒரே உதையில் கிளம்பும்.

"அண்ணே, இது எந்த வருஷ வண்டி?" என்று ஒருமுறை கேட்டேன்.

"எந்த வருஷம்னு கேக்கற தம்பி? ஃப்ரேம் அறுவத்தாறு. ஹெட்டு எண்பதுல போட்டது. டேங்க் நான் போட்டது. இன்னா வருஷம்னு சொல்றது?"

அவர் பெருமையாகத்தான் சொன்னார். ஓடவைப்பதுதான் அவர் தொழில், அதில் அவரை மிஞ்ச ஆளில்லை. சேகரிப்பாளரின் கண்ணுக்கோ அவர் கை பட்ட ஒவ்வொரு இடத்திலும் விலை குறைகிறது. இந்த ஊரின் கைத்திறனே இந்த ஊர் வண்டிகளின் ஏல மதிப்பைத் தின்றது என்று நான் சொன்னால் அவர் சண்டைக்கு வருவார். வந்தாலும் உண்மை அதுதான்.

சேகரிப்பாளர் முதலில் கேட்பது எஞ்சின் நம்பரும் சேசிஸ் நம்பரும் பதிவுப் புத்தகத்தோடு ஒத்துப்போகிறதா என்பது. எஞ்சின் நம்பர் எஞ்சினின் அடிப்பெட்டியான கிராங்க் கேஸின் மேல் அடித்திருக்கும், சேசிஸ் நம்பர் ஹேண்டில்பார் திரும்பும் கழுத்துக் குழாயில் இருக்கும். ஆர்.டி.ஓ. ஆபீஸ் போனவர்களுக்குத் தெரியும், நம்பர் மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் எழுத்து தாளில் எழும்பும். அடுத்தது பெயின்ட். வண்டி கம்பெனியை விட்டு வந்தபோது இருந்த பெயின்ட், அங்கங்கே உரிந்திருந்தாலும், புதுசாக அடித்துப் பளபளக்கும் பெயின்டைவிட மேல். டேங்கின் மேலிருக்கும் கோட்டைத் திருவொற்றியூரில் கையால்தான் இழுத்தார்கள். தூரிகை ஆரம்பித்த இடத்தில் கொஞ்சம் தடிப்பு, முடிந்த இடத்தில் கொஞ்சம் மெலிவு. ஸ்டிக்கர் ஒட்டினால் அது வராது. பிறகு லூகாஸ் விளக்கு, ஆமல் கார்புரேட்டர், ஸ்மித்ஸ் ஸ்பீடோமீட்டர் போன்ற இங்கிலாந்துச் சாமான்கள். ஐம்பதுகளின் வண்டிகளில் இவை அப்படியே இருந்தால் விலையே வேறு. அப்புறம்தான், எல்லாவற்றுக்கும் கடைசியில்தான், வண்டி ஓடுமா என்கிற கேள்வி வரும்.

டீசல் புல்லட் கதையையும் சொல்லிவிட வேண்டும். பெட்ரோல் விலை கடித்த காலத்தில், பம்புசெட்டுக்கும் ஜெனரேட்டருக்கும் வந்த டீசல் எஞ்சினைப் புல்லட் ஃப்ரேமில் ஏற்றிக்கொள்வது ஒரு கைத்தொழிலாகவே நடந்தது. தொண்ணூறுகளில் கம்பெனியே டீசல் வண்டி ஒன்றை விட்டது. கம்பெனி விட்ட டீசலுக்கு இன்று தேடி வருகிறார்கள். பட்டறையில் மாற்றிய டீசலோ, பெட்ரோல் எஞ்சினைத் தொலைத்த வண்டி, அவ்வளவுதான். பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும், தடதடவென்று குலுங்குவதும் ஒரே மாதிரிதான்.

எது 'வின்டேஜ்' என்பதிலும் குழப்பம் அதிகம். இருபது வருடப் பல்சரைக்கூட வின்டேஜ் என்று போட்டு விற்கிறார்கள். பிரிட்டிஷ் வழக்கில் அந்தச் சொல் 1915-லிருந்து 1930 வரை தயாரான மோட்டார்சைக்கிள்களுக்கு உரியது. இந்தியச் சட்டத்தில் 2021 ஜூலைக்குப் பிறகு தெளிவான வரையறை இருக்கிறது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டியிருக்க வேண்டும், சேசிஸ், எஞ்சின் போன்றவற்றில் பெரிய மாற்றம் செய்யாமல் மூல வடிவில் இருக்க வேண்டும். அப்படிப்பட்ட வண்டிக்கு மாநில எழுத்துக்குப் பிறகு 'வி.ஏ.' என்று வரும் தனி எண் கிடைக்கும். புதிய பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து ஆண்டுக்குச் செல்லும், மறுபதிவுக்கு 5,000. விற்கலாம், வாங்கலாம், 90 நாளுக்குள் தகவல் கொடுக்க வேண்டும். இன்றைய கணக்கில் எழுபதுகளின் நடுப்பகுதி வரை பதிவான திருவொற்றியூர் புல்லட்டெல்லாம் இதற்குள் வந்துவிடும்.

ஆனால் வி.ஏ. எண் வாங்கிய வண்டியைத் தினசரி ஓட்டக்கூடாது. கண்காட்சி, பேரணி, ஆராய்ச்சி, பெட்ரோல் போட, பழுதுபார்க்க, இவ்வளவுக்குத்தான் அனுமதி. ஞாயிற்றுக்கிழமை காசிமேட்டில் வஞ்சிரம் வாங்கி ஹேண்டில்பாரில் பையை மாட்டிக்கொண்டு வருகிறவருக்கு இது சரிப்படாது. எனக்குத் தெரிந்த பழைய புல்லட்காரர்கள் பலரும் சாதாரணப் பதிவையே ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்து ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். அதிலும் ஒரு சிக்கல். மூன்று எழுத்தில் தொடங்கும் 1989-க்கு முந்தைய நம்பர்கள் பல கம்ப்யூட்டரில் ஏறவே இல்லை. தண்டையார்பேட்டை டி.என். 03 வரிசை வருவதற்கு முன்னால் எழுதிய பேரேட்டைத் தேடியெடுத்து ஏற்ற வேண்டும். வாங்கியவர் இறந்து, பிள்ளைகள் பெயருக்கு மாற்றாமல், நாலு கை மாறியிருந்தால் படிவம் 29, 30, 31 என்று நடந்தே செருப்பு தேயும். அதனால்தான் வாரிசு கையெழுத்தோடு ஒழுங்காகக் காகிதம் உள்ள வண்டிக்கும், அதே வருடத்துக் காகிதமில்லாத வண்டிக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள விலை வித்தியாசம்.

இனி ஏலம். நமக்கு ஏலம் புதிதல்ல. விடியும் முன் காசிமேட்டுத் துறைமுகத்தில் போய் நின்றால் கூடை கூடையாக ஏலம் போகும் வேகத்துக்குக் காது பழகவே ஒரு வாரம் ஆகும். தெருவுக்குத் தெரு ஏலச்சீட்டு. ஆனால் ஒவ்வொன்றுக்கும் புத்தி வேறு. மீன் ஏலத்தில் பொழுது ஏற ஏறப் பொருள் கெடும், அதனால் விற்கிறவருக்கு அவசரம். ஏலச்சீட்டில் யார் அதிகம் தள்ளிக் கேட்கிறாரோ அவருக்குப் பணம், அதாவது அவசரத்தில் இருப்பவன் நஷ்டத்தோடு எடுப்பான். காவல்துறை பறிமுதல் வண்டி ஏலத்தில் பழைய இரும்புக் கடைக்காரர்கள் முன்கூட்டியே பேசிவைத்துக்கொண்டு வந்து மொத்தமாக எடுப்பதுண்டு. அங்கே வரும் வண்டியில் கவனிக்க வேண்டியது ஒன்றே. 'ஸ்கிராப்' என்று போட்டு விற்கிறார்களா, ஓட்டத் தகுந்தது என்று விற்கிறார்களா? ஸ்கிராப் என்று எடுத்ததைப் பெயர்மாற்றி ரோட்டில் இறக்க முடியாது. அழகான ஜாவா ஒன்றை அப்படி எடுத்துவிட்டு வரவேற்பறையில் நிறுத்திப் பூந்தொட்டி வைத்திருப்பவரைத் தெரியும்.

சேகரிப்பாளர் ஏலத்தில் பொருள் கெடாது, யாருக்கும் அவசரமில்லை. அங்கே அடக்க முடியாதது ஆசை மட்டும்தான். இதற்கென்றே நடக்கும் பெரிய ஏலங்கள் வெளிநாட்டில்தான், அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் அதற்குப் பேர்போனது. ஏலம் விடுகிறவர்கள் முதலில் ஒரு உத்தேச விலையை அச்சடித்துத் தருவார்கள். விற்பவருக்கும் அவர்களுக்கும் மட்டும் தெரிந்த அடிவிலை ஒன்று இருக்கும், கேள்வி அதைத் தொடாவிட்டால் வண்டி வீட்டுக்குத் திரும்பும். சுத்தியல் தட்டிய விலைக்கு மேல் வாங்குபவர் ஒரு கமிஷன் கட்ட வேண்டும். பத்திரிகையில் வரும் விலை பெரும்பாலும் இந்தக் கமிஷனையும் சேர்த்தது. 2023 ஜனவரியில் மெக்கம் ஏலத்தில் 1908-ஆம் வருட ஹார்லி டேவிட்சன் ஒன்று 9,35,000 டாலருக்குப் போனது என்று படித்திருப்பீர்கள். அதில் சுத்தியல் விலை 8,50,000, மேலே பத்து சதவீதம்.

அந்த ஹார்லிக்கு ஏன் அவ்வளவு? பெட்ரோல் டேங்கையும் ஆயில் டேங்கையும் நிக்கல் பூசிய பட்டைகளால் ஃப்ரேமில் கட்டித் தொங்கவிட்டிருக்கும் ஆரம்பகால மாடல் அது. மிச்சமிருப்பவை மிகச் சில. அதோடு, 1941-ல் விஸ்கான்சினில் ஒரு பண்ணைக் கொட்டகையிலிருந்து எடுத்தவரின் கையிலேயே அறுபது வருடத்துக்கு மேல் இருந்தது. வண்டியைப் பின்னால் புதுப்பித்தார்கள்தான். ஆனாலும் எது மூலப் பொருள், எது புதிது என்பதற்குக் கணக்கு இருந்தது. அதற்கு முன் ஏல விலையில் சாதனை வைத்திருந்தது 1951-ன் வின்சென்ட் பிளாக் லைட்னிங், 2018-ல் போன்ஹாம்ஸ் ஏலத்தில் 9,29,000 டாலர். முப்பது சொச்சம் மட்டுமே தயாரான பந்தய வண்டி, அதில் ஏறி 1953-ல் ஜாக் எரெட் ஆஸ்திரேலிய வேகச் சாதனை படைத்தார். இரண்டு வண்டியிலும் விலைபோனது, இடையில் அறுந்துபோகாத ஒரு வரலாறு. எங்கள் மெக்கானிக் அண்ணன் "ஃப்ரேம் அறுவத்தாறு, ஹெட்டு எண்பது" என்று வாயால் சொன்னதை அங்கே பில்லோடும் படத்தோடும் கோப்பு போட்டு வைத்திருக்கிறார்கள்.

வயசு ஏறினால் விலை ஏறும் என்று நம்பி வீட்டில் நிற்கும் வண்டியை வைத்துக் கனவு காண்பவர்களுக்கு ஒரு சங்கதி. இரண்டாம் உலகப் போருக்காக பி.எஸ்.ஏ. எம்20 ஒரு லட்சத்துக்கும் மேல் தயாரானது. எண்பது வயதுக் கிழம்தான், ஆனால் உலகம் முழுக்கக் கிடைக்கிறது. அதனால் அந்த ஹார்லியின் கிட்டேகூட வராது. அரிதாக ஆவதற்கு ஒரு விசித்திரமான வழி, அந்தக் காலத்தில் யாருக்கும் பிடிக்காமல் போவது. என்ஃபீல்டு அறுபதுகளில் ஃபேன்டபுலஸ் என்று 175 சி.சி. ஸ்கூட்டர் விட்டது, பட்டனை அமுக்கினால் கிளம்பும் வசதியோடு. எடுபடவில்லை. பிறகு முன்சக்கர டிஸ்க் பிரேக்கோடு ஃப்யூரி வந்தது, காலத்துக்கு ரொம்ப முந்தி வந்துவிட்டது. சைக்கிளுக்கு அண்ணன் போலிருந்த மோஃபாவை நாங்களே "கொசு வண்டி" என்று சிரித்திருக்கிறோம். யாரும் போற்றாததால் இவைதான் முதலில் இரும்புக் கடைக்குப் போயின. இன்று முழுசாக ஒரு ஃபேன்டபுலஸ் கிடைத்தால் சேகரிப்பாளர்கள் ராத்திரியோடு ராத்திரியாக வருவார்கள்.

நேர்மாறாக, எல்லோரும் உருகியதற்கும் விலை ஏறுகிறது. 1985-லிருந்து 1996 வரை வந்த யமஹா ஆர்.எக்ஸ். 100 ஒன்றும் அரிதான வண்டியல்ல. 50 வயதும் ஆகவில்லை. ஆனாலும் லட்சத்தைத் தாண்டிக் கேட்கிறார்கள். வெறும் 98 சி.சி.யில் அந்தச் சீற்றமும் அந்த டூ-ஸ்ட்ரோக் சத்தமும் இனி வராது, புகைக் கட்டுப்பாடு அந்த வகை எஞ்சினையே ஓரங்கட்டிவிட்டது. பதினெட்டு வயதில் ஏங்கியதை நாற்பத்தெட்டு வயதில் வாங்குகிறார்கள். வடசென்னையில் இந்த ஏக்கத்துக்கு இன்னொரு ஊற்றும் உண்டு. செங்குன்றம் தாண்டி சோழவரத்தில் போர்க்கால விமான ஓடுதளம் ஒன்று கிடந்தது. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் ஐம்பதுகளிலிருந்து பல பத்தாண்டுகள் அங்கே பந்தயம் நடத்தியது. 1990-ல் இருங்காட்டுக்கோட்டைக்கு ஓடுபாதை போனபிறகு அந்தப் பக்கம் அமைதியாகிவிட்டது. எங்கள் தெருவிலிருந்து பெரியப்பா தலைமுறை சைக்கிளில் கிளம்பி அங்கே போய் வெயிலில் நின்று பார்த்துவிட்டு வந்து ஒரு மாதம் பேசும். அங்கே ஓடிய வண்டி என்று நிரூபிக்க ஒரு பழைய புகைப்படம் இருந்தால், இன்று அந்தப் புகைப்படத்துக்கே வண்டி விலையில் ஒரு பங்கு உண்டு.

கடலோரத்துக்காரர்களுக்கு உப்புக்காற்று வேறு. குரோம் பூச்சு மேலே பார்க்க நன்றாக இருக்கும், ரிம்மின் உள்பக்கம் ஸ்போக் முனையில் விரல் வைத்தால் துரு ஒட்டும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர் பக்கம் எண்ணெய்க் கழிவும் கலந்து வந்தது. அதில் மூழ்கி எழுந்த வண்டிகள் இப்போது புதுப் பெயின்டோடு விற்பனைக்கு வருகின்றன. ஹெட்லைட் கிண்ணத்தைக் கழற்றி உள்ளே கறுப்புக் கோடு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணத்தை எடுப்பது நல்லது.

சந்தை மனநிலை எவ்வளவு மாறிவிட்டது என்பதற்கு ஒன்று சொல்கிறேன். 2018-ல் ராயல் என்ஃபீல்டு, போர்க்காலத்தில் பாராசூட்டில் இறக்கிய வண்டியின் நினைவாக பெகாசஸ் என்று ஒரு கிளாசிக் 500 விட்டது. இந்தியாவுக்கு 250 வண்டி, ஒவ்வொன்றுக்கும் வரிசை எண். ஆன்லைனில் 178 நொடியில் தீர்ந்தது. பிறக்கும்போதே பழசாகப் பிறக்கும் வண்டி! இவை நாளைக்குப் பெரிய விலைக்குப் போகுமா என்பதில் எனக்குச் சந்தேகம்தான். வாங்கிய எல்லோருமே பத்திரமாக மூடிவைத்தால், முப்பது வருடம் கழித்து எல்லாமே மிச்சமிருக்கும்.

அந்த வியாபாரி புக்கை எதற்குக் கேட்டார் என்பது இந்நேரம் புரிந்திருக்கும். காகிதமில்லாத ஒரு அறுபதுகளின் புல்லட் அவரிடம் எங்கோ இருக்கிறது. பெரியப்பா வண்டியின் நம்பரை அதன் மேல் தட்டிவிட்டால், அது 'ஒரே குடும்பத்தில் இருந்த, முதல் உரிமையாளர் வண்டி' ஆகிவிடும். அழகாக எழுதி விற்கலாம். சட்டப்படி அது மோசடி. வாங்குபவர் பழைய நம்பரின் விளிம்பைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் தெரிந்துவிடும், பெரும்பாலும் பார்ப்பதில்லை.

கொடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். இரண்டு முறை மறுபடி போன் செய்தார். மோட்டார் வாகனச் சட்டம் 55-ஆவது பிரிவின்படி, வண்டி அழிந்துபோனால் உரிமையாளர் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவித்து ஆர்.சி.யை ஒப்படைக்க வேண்டும். முப்பது வருடம் தாமதமாகிவிட்டது. பெரியம்மாவிடம் சொன்னேன். புக்கை வாங்கி, பெரியப்பா பெயர் எழுதியிருந்த பக்கத்தைப் பிரித்து, கலர் என்ற இடத்தில் 'கறுப்பு' என்று இருந்ததைப் பார்த்துவிட்டு, "தப்பு, பச்சைதான் அது" என்றார்.